கடைசி வண்டியை முதலில் பாருங்கள்

மியூனிக்கில் படிக்க வரும் நம் பிள்ளைகள், அக்டோபரில் செமஸ்டர் தொடங்கிய கையோடு என்னிடம் கேட்பது இதுதான்: "அண்ணா, இந்த சனி ஞாயிறு எங்கே போகலாம்?" நான் பதிலுக்கு, "திங்கட்கிழமை முதல் வகுப்பு எத்தனை மணிக்குப்பா?" என்று கேட்பேன். இவர் ஏன் சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்பதுபோல் பார்ப்பார்கள்.

சம்பந்தம் இருக்கிறது. மியூனிக்கிலிருந்து எந்தத் திசையில் ரயில் ஏறினாலும் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் ஓர் ஏரியோ மலையோ பழைய ஊரோ வந்துவிடும். இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் யாரும் பெரிதாகத் தோற்றதில்லை. நான் பார்த்தவரை, பாழாய்ப்போன வார இறுதிகள் பெரும்பாலும் திரும்பி வரும் வழியில் பாழானவை. கடைசி பஸ் போயிருக்கும், இருட்டியிருக்கும், போனில் சார்ஜ் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒரு கடையும் திறந்திருக்காது. மறுநாள் காலை எட்டு மணிக்கு லேப் வேறு.

அதனால் எங்கள் கூட்டத்தில் மெல்ல ஒரு வழக்கம் வந்தது. முதலில் அந்த ஊரிலிருந்து கிளம்பும் கடைசி வண்டி எது என்று பார்ப்போம். பிறகு அதை மறந்துவிட்டு, அதற்கு முந்தைய வண்டியை எங்கள் வண்டியாக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் மலையில் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் தானாக வந்து உட்காரும். சனிக்கிழமை காலை ஆறரை மணி ரயில் என்றால் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். அதுவும் நல்லதுதான்.

டிக்கெட் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2022 கோடையில் மூன்று மாதத்துக்கு மட்டும் 9 யூரோ டிக்கெட் விட்டார்கள். அதன் வெற்றிக்குப் பிறகு 2023 மே மாதம் டொய்ச்லாண்ட் டிக்கெட் வந்தது. மாதம் 49 யூரோவில் தொடங்கி, 2025-ல் 58, 2026-ல் 63 என்று ஏறியிருக்கிறது. மாணவர்களுக்குச் சலுகை விலை உண்டு. உங்கள் பல்கலைக்கழகத்தில் என்ன ஏற்பாடு என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். இது மாதச் சந்தா. அந்த மாதத்தோடு நிறுத்த வேண்டும் என்றால் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் இதை மறந்துவிட்டு, பயணமே செய்யாத மாதத்துக்கும் பணம் கட்டுகிறார்கள்.

இந்த டிக்கெட் நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், மெட்ரோ, வட்டார ரயில் எல்லாவற்றிலும் செல்லும். ஐசிஇ, ஐசி போன்ற விரைவு ரயில்களிலும் தனியார் தொலைதூர பஸ்களிலும் செல்லாது. இதில் சறுக்கும் இடம் சால்ஸ்பர்க். அது ஆஸ்திரியாவில் இருந்தாலும், அதன் முதன்மை ரயில் நிலையம் வரை இந்த டிக்கெட்டில் வட்டார ரயிலில் போகலாம். ஆனால் அதே ஊருக்கு ரயில்ஜெட் போன்ற விரைவு ரயில்களும் போகின்றன. பெயர்ப்பலகையில் சால்ஸ்பர்க் என்று பார்த்ததும் ஏறிவிட்டால், பரிசோதகர் வரும்போது குறைந்தது 60 யூரோ போகும். ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் செயலியில் இந்த டிக்கெட் செல்லும் இணைப்புகளை மட்டும் காட்டச் சொல்லும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுத் தேடுங்கள்.

ஊரிலிருந்து விருந்தாளி வந்திருக்கிறார், அவரிடம் சந்தா இல்லை என்றால் பயர்ன் டிக்கெட், அதாவது பவேரியா மாநிலத்துக்கான ஒருநாள் டிக்கெட். ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை போகலாம், ஆள் கூடக் கூடத் தலைக்கு ஆகும் செலவு குறையும். வார நாட்களில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் செல்லும். சனி, ஞாயிறு நள்ளிரவிலிருந்து மறுநாள் அதிகாலை மூன்று மணி வரை செல்லும்.

அப்புறம், பிரியும் ரயில்கள். மியூனிக்கிலிருந்து டேகர்ன்சே ஏரிக்குப் போகும் வட்டார ரயில் கிளம்பும்போது ஒரே நீளமான வண்டியாக இருக்கும். ஹோல்ட்ஸ்கிர்ஷனில் ஒரு பகுதி கழன்று பைரிஷ்செல் பக்கம் போய்விடும். அடுத்து ஷாஃப்ட்லாக்கில் மீதி இரண்டாகப் பிரிந்து, ஒன்று டேகர்ன்சேவுக்கும் ஒன்று லெங்கிரீஸுக்கும் போகும். எங்களோடு வர வேண்டிய நண்பன் ஒருவன் ஒரு தடவை கடைசி நொடியில் ஓடிவந்து கையில் கிடைத்த பெட்டியில் தொற்றிக்கொண்டான். "ஏறிட்டேன் மச்சான், அங்க இறங்கிப் பாத்துக்கலாம்" என்று மெசேஜ் வந்தது. நாங்கள் டேகர்ன்சேயில் இறங்கித் தேடியபோது அவன் லெங்கிரீஸில் நின்றுகொண்டிருந்தான். திரும்பி வந்து சேர வெகுநேரம் ஆகும் என்பதால் அங்கேயே இசார் ஆற்றங்கரையில் நாளைக் கழித்துவிட்டான். மாலையில் ஷாஃப்ட்லாக்கில் அவன் வண்டி எங்கள் வண்டியோடு வந்து ஒட்டிக்கொண்டது. எங்களை விட அவனுக்குத்தான் நல்ல வெயில் கிடைத்திருந்தது.

இப்படிப் பிரிகிற ரயில்களில், எந்தப் பகுதி எங்கே போகும் என்று நடைமேடைத் திரையிலும் பெட்டியின் வெளிப்பக்கமும் போட்டிருக்கும். ஏறிய பிறகும் பெட்டிக்குள் இருக்கும் திரையை ஒரு தடவை பாருங்கள். முன்பின் தெரியாத பாதையில் கூட்டமாகப் போகும்போது எல்லோரும் ஒரே பெட்டியில் ஏறுவது உத்தமம்.

தண்டவாளப் பராமரிப்பு வேலைகளையும் இந்த நாட்டில் பெரும்பாலும் வார இறுதிகளில்தான் வைக்கிறார்கள். வழியில் ஒரு பகுதிக்கு ரயில் இருக்காது, மாற்று பஸ் விடுவார்கள். அட்டவணையில் எஸ்இவி என்று போட்டிருந்தால் அதுதான். அந்த பஸ் நிற்கும் இடம் பெரும்பாலும் ஸ்டேஷன் வாசலாக இருக்காது. பக்கத்துத் தெருவைத் தேடிக் கண்டுபிடித்து, எல்லோரும் ஏறி, ஊர்ந்து போய் அடுத்த ரயிலைப் பிடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் கரைந்துவிடும். வெள்ளிக்கிழமை இரவு படுக்கப் போகும் முன் போகும் வழி, வரும் வழி இரண்டையும் செயலியில் மறுபடி ஒரு முறை பார்த்துவிடுங்கள். புதன்கிழமை பார்த்ததை நம்ப வேண்டாம்.

கடைசி வண்டி என்பது எப்போதும் ரயிலாக இருக்க வேண்டும் என்றில்லை. பெர்ஷ்டெஸ்காடன் பக்கத்தில் இருக்கும் கோனிக்ஸே ஏரியில் அது படகு. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர், நடுவில் ஒடுங்கிய பச்சை நிற நீர். 1909-லிருந்து மின்சாரப் படகுகள்தான் ஓடுகின்றன, அதனால் சத்தமே கிடையாது. ஏரி நடுவில் படகை நிறுத்தி, படகோட்டி டிரம்பெட் மாதிரியான ஊதுகுழலை எடுத்து ஒரு மெட்டு வாசிப்பார். எதிர்ப் பாறை அதைத் திருப்பிச் சொல்லும். முக்கால்வாசிப் பயணிகள் சிவப்புக் குவிமாடத் தேவாலயம் இருக்கும் செயின்ட் பார்த்தலோமேயில் இறங்கி, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கடைசித் துறையான சாலெட் வரை போய், அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்து ஓபர்ஸே என்ற சின்ன ஏரியைப் பார்ப்பதுதான் என் கணக்கில் இந்தப் பயணத்தின் பலன்.

ஆனால் சாலெட்டிலிருந்து ஏரியோரமாக நடந்து திரும்பப் பாதை கிடையாது. கடைசிப் படகு போனால் போனதுதான். அந்த நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், துறையிலேயே எழுதிப் போட்டிருப்பார்கள். இறங்கியவுடன் அந்தப் பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டுதான் நடக்கவே தொடங்குவோம். மாலையில் கடைசிப் படகுகளுக்கு வரிசையும் நீளும். மியூனிக்கிலிருந்து பெர்ஷ்டெஸ்காடனுக்கே வட்டார ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், வழியில் ஃப்ரைலாஸிங்கில் வண்டி மாற வேண்டும். ஆகவே அதிகாலையில் கிளம்பத் தயாராக இல்லை என்றால் இந்த ஏரியை விட்டுவிடுங்கள்.

மலையேற்றத்துக்கு வருவோம். ஆல்ப்ஸ் என்றதும் எல்லோர் வாயிலும் வருவது ஜெர்மனியின் மிக உயரமான சிகரமான 2,962 மீட்டர் சுக்ஷ்பிட்ஸே. பல்சக்கர ரயிலும் ரோப்காரும் மேலே வரை போகின்றன. கட்டணம் ஒரு மாணவனின் ஒரு வார மளிகைச் செலவை விழுங்கிவிடும், மேலே மேகம் மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது. உச்சியில் இருக்கும் நேரடிக் கேமராவை இணையத்தில் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் வாங்க வேண்டும். அதே கார்மிஷ் பார்டன்கிர்ஷன் ஸ்டேஷனில் இறங்கி, சின்ன நுழைவுக் கட்டணத்தில் பார்ட்னாக் பள்ளத்தாக்குக்குப் போகலாம். சுமார் 700 மீட்டர் நீளம். பாறையைக் குடைந்து போட்ட பாதையில், கீழே ஆறு இரைச்சலோடு ஓட, மேலே 80 மீட்டர் உயரம் வரை சுவர் எழும்பி நிற்கும். ஜூலை வெயிலிலும் உள்ளே மழைக்கோட்டு வேண்டும், அந்த அளவுக்குத் தண்ணீர் சொட்டும்.

எனக்குப் பிடித்த ஏற்றம் யோக்பெர்க். உயரம் 1,565 மீட்டர்தான். கோகல் ஸ்டேஷனில் இறங்கி, பஸ்ஸில் கெஸ்ஸல்பெர்க் கணவாய் வரை போய், அங்கிருந்து ஏறினால் சுமார் 700 மீட்டர் ஏற்றம். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் வால்கன்சே ஏரி, மறுபக்கம் கோகல் ஏரி. இரண்டுக்கும் இடையில் 200 மீட்டர் உயர வித்தியாசம். அந்தச் சரிவை வைத்துத்தான் 1924-லிருந்து அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். எஞ்சினியரிங் படிக்கிறவர்கள் கீழே உள்ள மின்நிலையத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.

ஓர் ஆகஸ்ட் சனிக்கிழமை எங்களில் ஐந்து பேர் அதில் ஏறினோம். கூட வந்தவர்களில் பெரு நாட்டுத் தோழி ஒருத்தி மலைநாட்டில் வளர்ந்தவள். காலையிலேயே, "ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புகிறோம், சரியா?" என்று எல்லோரிடமும் வாக்கு வாங்கிவிட்டாள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்ததால் நாங்களும் தலையாட்டிவிட்டோம். பன்னிரண்டரை வாக்கில் தெற்கே வெள்ளையாக ஒரு மேகம் மேல்நோக்கி வளர ஆரம்பித்தது. உச்சி கண்ணுக்குத் தெரிகிறது, இன்னும் இருபது நிமிடம் நடந்தால் போதும். எங்களில் ஒருவன் புது கேமரா வாங்கியிருந்தான், அவனுக்கு உச்சியில் படம் எடுத்தே ஆக வேண்டும். அவள் வாதாடவே இல்லை. மேகத்தைக் காட்டினாள், திரும்பி இறங்க ஆரம்பித்துவிட்டாள். தண்ணீர் பாட்டில்களில் பாதியும் முதலுதவிப் பையும் அவளிடம் இருந்தன. வேறு வழியில்லாமல் கேமராக்காரனும் பின்னால் வந்தான். உச்சிக்குக் கீழே மேய்ச்சல் நிலத்தில் ஒரு குடில் இருக்கிறது. நாங்கள் அதை எட்டிய சற்று நேரத்தில் இடி இறங்கியது. ஆலங்கட்டி மழை. எங்களுக்குப் பிறகு மேலிருந்து ஓடிவந்தவர்கள் தொப்பலாக நனைந்து, முகம் வெளுத்துப் போயிருந்தார்கள். உச்சியில் இரும்புச் சிலுவைக்குப் பக்கத்தில் நிற்கும்போது மின்னல் வெட்டியதாகச் சொன்னார்கள்.

கோடையில் இந்த மலைகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். வெயிலில் சூடான ஈரக்காற்று சரிவில் மேலேறி, மதியத்துக்குள் மேகமாகத் திரண்டுவிடும். காலை ஏழு மணி வானத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஜெர்மன் வானிலைத் துறையின் வார்ன்வெட்டர் செயலியில் எச்சரிக்கைகள் வரும், அதைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். இடி கேட்டால் உச்சி, மலைமுகடு, இரும்புக் கயிறு கட்டிய பாதை, தனி மரம் எல்லாவற்றையும் விட்டு விலகிக் கீழே இறங்க வேண்டும். திரும்பும் நேரத்தைக் கீழே ஸ்டேஷனிலேயே முடிவு செய்வதில்தான் விஷயம் இருக்கிறது. மேலே போன பிறகு இருபது நிமிடம் என்பது யாருக்கும் பெரிதாகத் தெரியாது.

மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் பெரும்பாலும் நடக்கும் நேரம்தான் இருக்கும், அதுவும் உள்ளூர்க்காரர்களின் நேரம். பலகையில் இரண்டு மணி என்றால் எங்களுக்கு இரண்டரை. பாதைகளை நிறத்தால் பிரித்திருப்பார்கள்: நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். முதல் வருடம் நீலத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சிவப்பில் தவறி விழுந்தால் அடிபடும் இடங்கள் நிறைய உண்டு. அவசரத்துக்கு 112. பள்ளத்தாக்குகளில் சிக்னல் இல்லாமல் போகலாம், அப்போது பழைய மலையேறிகளின் முறைதான். டார்ச் வெளிச்சமோ விசிலோ, ஒரு நிமிடத்தில் ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு முறை. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் யாரோ கவனித்துவிட்டார்கள் என்று பொருள். அடிக்கடி ஏறுகிறவர்கள் ஜெர்மன் ஆல்ப்ஸ் சங்கத்தில் சேர்ந்துவிடலாம். 1869-லிருந்து இருக்கும் சங்கம், இளைஞர்களுக்குக் கட்டணம் குறைவு, மலை மீட்புச் செலவுக்கான காப்பீடும் உறுப்பினர் அட்டையோடு சேர்ந்து வருகிறது. அதன் குடில்களில் தங்கவும் சலுகை உண்டு. தங்கினால் மெல்லிய தூக்க உறை ஒன்று கொண்டுபோக வேண்டும். ரொக்கமும் வேண்டும், எல்லாக் குடிலிலும் கார்டு ஓடாது.

சாப்பாடு பற்றி நிறைய சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும், பெரிய ஸ்டேஷன்களுக்குள் இருப்பவை மட்டும் திறந்திருக்கும். சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட வேண்டும். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போவது கேட்க நன்றாக இருக்கும். அக்டோபர் மலைக்காற்றில் டப்பாவைத் திறந்தால் சோறு விறைத்துப்போய் ஸ்பூன் இறங்காது. சப்பாத்தியைச் சுருட்டிக் கொண்டுபோவதே மேல். குடில்களில் இறைச்சி வேண்டாம் என்றால் சீஸ் போட்ட ஸ்பெட்ஸ்லே என்ற நூடுல்ஸ் கிடைக்கும், ஆனால் அதன் மாவில் முட்டை உண்டு. முட்டை சாப்பிடுகிறவர்களுக்குக் கைஸர்ஷ்மார்ன் என்ற இனிப்பு அப்பமும் இருக்கிறது. குடில் மேசையில் உட்கார்ந்து சொந்தச் சாப்பாட்டைப் பிரிப்பதை அங்கே விரும்புவதில்லை. ஒரு தேநீராவது வாங்குங்கள். காலி பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட்.

எல்லை தாண்டும் பயணங்களில் திரும்பி வருவது என்பது காகிதங்களைப் பொறுத்தது. ஜெர்மனியின் மாணவர் விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால், பொது விசா ஏற்பாட்டில் சேர்ந்த மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை இருக்கலாம். எல்லைகளில் சோதனையே கிடையாது என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்தது. அதற்கு முன்பே சால்ஸ்பர்க் ரயில்களில் போலீஸ் ஏறுவது எங்களுக்குப் பழகிய காட்சி. வகுப்புத் தோழன் ஒருவன் செக் நாட்டின் பிராகுக்குப் போய்விட்டு இரவு பஸ்ஸில் திரும்பினான். பாஸ்போர்ட்டை அறையிலேயே விட்டுவிட்டு, போனில் அதன் போட்டோவை மட்டும் வைத்திருந்தான். எல்லையில் கீழே இறக்கி, விவரங்களைச் சரிபார்த்து விடுவித்தார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆனால் பஸ் அவனுக்காக நிற்கவில்லை. திங்கட்கிழமை மதியம்தான் வந்து சேர்ந்தான். அசல் பாஸ்போர்ட், அசல் அனுமதி அட்டை இரண்டும் கையில் இருக்க வேண்டும். அனுமதியை நீட்டிக்க விண்ணப்பித்துவிட்டுத் தற்காலிகச் சான்றோடு காத்திருக்கிறீர்கள் என்றால், அந்தச் சான்று எல்லை தாண்ட உதவுமா என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அதில் வகைகள் உண்டு, எல்லாம் ஒன்றல்ல.

போன் விஷயம் ஒன்று. 2017 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங் தனிக் கட்டணம் இல்லை. சுவிட்சர்லாந்து ஷெங்கனில் இருக்கிறது, ஒன்றியத்தில் இல்லை. லிண்டாவ் பக்கம் போய்க் கொன்ஸ்டான்ஸ் ஏரிக்கரையில் நிற்கும்போது, நீங்கள் ஜெர்மனியை விட்டு ஓர் அடி நகராவிட்டாலும் போன் எதிர்க்கரை சுவிஸ் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளலாம். உங்கள் திட்டத்தில் அந்த நாடு சேர்த்தியா என்று பாருங்கள், இல்லையென்றால் ரோமிங்கை அணைத்துவிடுங்கள். மருத்துவக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம் இருக்கும் ஐரோப்பிய அட்டையும் அப்படித்தான். நம்மைப் போல ஒன்றியத்தின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு சுவிட்சர்லாந்து, டென்மார்க் போன்ற சில நாடுகளில் அது செல்லாது. அங்கே போனால் தனிப் பயணக் காப்பீடு எடுக்க வேண்டும். செக் நாட்டுப் பணம் கொருனா. ஏடிஎம் திரை "யூரோவில் கழிக்கட்டுமா?" என்று அன்பாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லி உள்ளூர்ப் பணத்திலேயே கழிக்கச் சொல்லுங்கள், அந்த அன்புக்கு விலை அதிகம்.

டாகாவ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மியூனிக்கிலிருந்து எஸ்2 புறநகர் ரயிலில் போய் ஒரு பஸ் மாறினால் போதும், அனுமதி இலவசம். நாஜிகள் 1933 மார்ச் 22-ஆம் தேதி திறந்த இந்த வதைமுகாமில், 1945 ஏப்ரல் 29-ஆம் தேதி அமெரிக்கப் படை விடுவிக்கும் வரை 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டார்கள், 41,500 பேர் இறந்தார்கள். மிக அருகில் இருப்பதால் பலர் இதைக் காலையில் முடித்துவிட்டு மதியம் வேறு இடம் என்று திட்டம் போடுகிறார்கள். செப்டம்பரில் காலையில் டாகாவ், மாலையில் அக்டோபர்ஃபெஸ்ட் பீர் திருவிழா என்று ஒருவர் அட்டவணை போட்டு அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். என்னால் ஏற்க முடியவில்லை. முகாமின் சிறை அறைகள், சுடுகாட்டு அடுப்புகள் வழியாக நடந்து வந்த பிறகு யாருக்கும் பேசத் தோன்றாது. அந்த நாளில் வேறெதையும் வைக்காதீர்கள். அக்டோபர்ஃபெஸ்ட் நடக்கும் வாரங்களில் ரயில்கள் நிரம்பி வழியும், விடுதி வாடகை எகிறும் என்பது வேறு விஷயம்.

நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையை எல்லோரும் கேட்பார்கள். இரண்டாம் லுட்விக் மன்னர் 1869-ல் கட்டத் தொடங்கி, முடியும் முன்பே 1886-ல் இறந்துபோனார். ஏழு வாரத்தில் மக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. உள்ளே வழிகாட்டியோடு குறித்த நேரத்தில்தான் விடுவார்கள், கோடையில் முன்பதிவு இல்லாமல் போவது வீண். என் கருத்தில் உள்ளே போகாவிட்டாலும் நஷ்டமில்லை. மரியன் பாலத்திலிருந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் ஆல்ப்ஸே ஏரியைச் சுற்றி நடந்தால் நாள் நிறைவாகப் போகும்.

பணம். விசாவுக்காக முடக்கி வைக்கும் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 என்று 2024 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். மியூனிக்கில் வாடகைக்குக் கொடுத்தது போக அதில் மிஞ்சுவது கொஞ்சம்தான். பயணத்தில் செலவை ஏற்றுவது ரயிலோ நுழைவுச் சீட்டோ அல்ல, இரவுத் தங்கல். அதனால் பெரும்பாலும் போன அன்றே திரும்புவோம், தங்கும் பயணத்தைச் செமஸ்டர் நடுவில் ஒரு நீண்ட வார இறுதிக்கு ஒதுக்கி வைப்போம். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கைத் திரும்பும் ரயிலிலேயே முடித்துவிட வேண்டும். ஸ்ப்ளிட்வைஸ் மாதிரி ஏதாவது செயலியில் போட்டு, இறங்கும் முன் பணத்தை அனுப்பிவிட்டால், நட்பும் நிலைக்கும். செவ்வாய்க்கிழமை வரை தள்ளிப்போட்டால் நாலு யூரோவுக்கு மனக்கசப்பு வரும். பார்த்திருக்கிறேன்.

கூட்டம் நாலைந்து பேருக்கு மேல் போனால் வேகம் குறையும். வாட்ஸ்அப்பில் பன்னிரண்டு பேர் கை தூக்குவார்கள், காலையில் நடைமேடையில் நாலு பேர்தான் இருப்பார்கள். அந்த நாலு பேரை நம்பித்தான் திட்டம் போட வேண்டும். நம் ஆட்களோடு மட்டும் சுற்றாமல் எராஸ்மஸ் மாணவர் அமைப்பின் உள்ளூர்ப் பிரிவு நடத்தும் ஒருநாள் பயணங்களிலும் சேர்ந்துகொள்ளுங்கள். விலை மலிவு, முதல் செமஸ்டரில் ஆள் தெரியாத நேரத்தில் நல்ல அறிமுகமும் கிடைக்கும். தனியாகப் போகவும் பழகிக்கொள்வது நல்லது. ஆனால் மலைக்கு வேண்டாம், ஊர்களுக்குப் போங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. அக்டோபரில் வெயில் இருக்கும்போதே டேகர்ன்சே. ஸ்டேஷனிலிருந்தே நடக்கத் தொடங்கி ஒன்றரை மணி நேரத்தில் நொய்ரூத் குடிலுக்கு ஏறிவிடலாம், பஸ் தேவையில்லை, வழி தவறவும் முடியாது. நவம்பரில் பல குடில்கள் மூடிவிடும், டிசம்பரில் மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். அந்த மாதங்களுக்கு ஊர்கள்தான் சரி. 12-ஆம் நூற்றாண்டுக் கற்பாலம் இருக்கும் ரெகன்ஸ்பர்க், மூன்று ஆறுகள் கூடும் பசாவ், 161.5 மீட்டர் கோபுரத்தோடு நிற்கும் உல்ம். கோபுரத்துக்கு 768 படிகள், மராமத்து வேலையால் மேல் தளம் மூடியிருக்கலாம், அதைப் பார்த்துவிட்டுப் போங்கள். பிப்ரவரியில் தேர்வு, எங்கும் போக வேண்டாம். அனுமதி அட்டை கைக்கு வந்த பிறகு சால்ஸ்பர்க், பிராக். மலைகளுக்கு மே கடைசி வரை பொறுங்கள். கீழே பூ பூத்திருக்கும்போதும் வடக்குச் சரிவுகளில் பனி கிடக்கும், ஸ்போர்ட்ஸ் ஷூவோடு அதில் கால் வைத்தால் வழுக்கும். கணுக்கால் வரை வரும் மலையேற்றக் காலணி ஒன்றை, புதிது வாங்க வசதியில்லை என்றால், செகண்ட் ஹேண்டிலாவது ஏப்ரலிலேயே வாங்கி, நகரத்துக்குள் போட்டு நடந்து பழக்கிவிடுங்கள்.